ஸ்கேன் குறுந்தகட்டுக்கு நகல் எடுத்தல்: பதிவு மென்பொருள் திறக்காதபோது செய்யவேண்டியவை

சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., ஆஞ்சியோகிராம் ஆகிய பரிசோதனைகள் முடிந்ததும் நோயாளியிடம் பெரும்பாலும் மூன்று பொருள்கள் தரப்படுகின்றன: தட்டச்சு செய்த அறிக்கை, பெரிய உறையில் பிலிம், அவற்றோடு ஒரு குறுந்தகடு. அறிக்கையும் பிலிமும் பீரோவில் பத்திரமாக வைக்கப்படுகின்றன. குறுந்தகடோ உறையின் மூலையில் கிடந்து கீறல் விழுகிறது. சில வீடுகளில் குழந்தைகளின் கைக்கும் போய்விடுகிறது. மருத்துவரின் பார்வையில் இம்மூன்றிலும் மதிப்பு மிக்கது அந்தத் தகடுதான்.

நம் பகுதியில் 'சி.டி.' என்னும் சொல் ஸ்கேனுக்கும் வழங்குகிறது, தகட்டுக்கும் வழங்குகிறது. 'சி.டி. இருக்கிறதா?' என்று கேட்டால் பிலிமை எடுத்து நீட்டுவோர் பலர். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் ஸ்கேனைச் 'சி.டி. ஸ்கேன்' என்றும், வட்டத் தகட்டைக் 'குறுந்தகடு' என்றும் குறிப்பிடுகிறேன்.

குறுந்தகட்டுக்கு ஒரு நகலேனும் வீட்டில் இருக்கவேண்டும் என்று வெளிநோயாளிப் பிரிவில் நாங்கள் கூறுவதுண்டு. அதைக் கேட்டு வீட்டுக் கணினியில் நகலெடுக்க முனைவோர் அடுத்த முறை வரும்போது, "தகடு எழுதும் மென்பொருள் திறக்கவே இல்லை" என்று சொல்கின்றனர். அத்தகையோருக்காகவே இப்பாடம்.

பழைய படம் ஏன் தேவை?

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடியிலிருந்தும், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களிலிருந்தும் வரும் நோயாளிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் பல்லாண்டு உழைத்தவர்கள் உண்டு. முன்பு காசநோய் வந்து குணமானவர்களும் உண்டு. இவர்களுடைய நுரையீரலைச் சி.டி. ஸ்கேனில் பார்க்கும்போது சிறு தழும்புகளும் கணுக்களும் தென்படுவது அரிதன்று. எட்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு கணு தெரிகிறது என்று கொள்வோம். அது பழைய தழும்பா, புதிதாக வளரும் கட்டியா என்பதை ஒரே ஒரு படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் இயலாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலும் அக்கணு அதே அளவில் இருந்திருந்தால், அது தீங்கற்றது என்னும் முடிவுக்கு வர வலுவான காரணம் கிடைக்கிறது. பழைய படம் கிடைக்காவிட்டால், மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்கவோ, ஊசி செலுத்தித் திசு எடுக்கவோ நேரிடலாம்.

மீண்டும் ஸ்கேன் எடுப்பது பணச் செலவு மட்டுமன்று. வழக்கமான மார்புச் சி.டி. ஸ்கேன் ஒன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிசீவெர்ட். இயற்கைச் சூழலிலிருந்து மனிதர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். எனவே ஒரு ஸ்கேன் என்பது இரண்டு மூன்று ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்கு ஒப்பாகும். தேவையுள்ளபோது அதற்கு அஞ்சவேண்டியதில்லை. தகடு கெட்டுப்போன ஒரே காரணத்துக்காக அதை இரண்டாம் முறை ஏற்பது வீண். சாயமருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனாயின், சிறுநீரகம் தளர்ந்தவர்களும் நீரிழிவு நோயாளிகளும் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

தகட்டில் இருப்பது என்ன?

ஸ்கேன் படங்கள் 'டைக்காம்' என்னும் பொது முறையில் பதியப்படுகின்றன. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் கல்லூரியும் கருவி உற்பத்தியாளர்களின் சங்கமும் இணைந்து 1985இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டன. 1993 முதல் இது டைக்காம் என்னும் பெயரால் வழங்குகிறது. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தையும் எந்த மருத்துவமனையிலும் திறந்து பார்க்க இம்முறை வழிசெய்கிறது.

சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் பொதுவாக 512க்கு 512 புள்ளிகளால் ஆனது. அது ஏறத்தாழ அரை மெகாபைட் இடம் கொள்ளும். முந்நூறு படங்கள் கொண்ட ஸ்கேனுக்கு 150 மெகாபைட் போதும். சாதாரணக் குறுந்தகடு 700 மெகாபைட்டும், டி.வி.டி. 4.7 கிகாபைட்டும் கொள்ளும். பிலிமில் இப்படங்களுட் சிலவே சுருக்கி அச்சிடப்படுகின்றன. தகட்டில் அனைத்தும் இருக்கின்றன. அத்துடன், தகட்டிலுள்ள அதே படத்தை நுரையீரல் தெளிவாகத் தெரியும்படியும், எலும்பு தெளிவாகத் தெரியும்படியும் மருத்துவர் மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். பிலிமிலோ, பிலிமைச் செல்பேசியில் எடுத்த புகைப்படத்திலோ அது இயலாது.

தகட்டைத் திறந்தால் 'டைக்காம்டிர்' என்ற பெயரில் ஒரு கோப்பும், சில கோப்புறைகளும், பெரும்பாலும் ஒரு படக்காட்டி மென்பொருளும் இருக்கும். டைக்காம்டிர் என்பது நூலின் பொருளடக்கம் போன்றது. எந்தப் படம் எங்கே உள்ளது என்பதை மருத்துவமனைக் கணினி அதைக்கொண்டே அறிகிறது. ஆகவே நகலெடுக்கும்போது எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக்கூடாது; எதையும் 'தேவையில்லை' என்று விட்டுவிடக்கூடாது.

மென்பொருள் திறக்காவிட்டால்

நீரோ, இம்ஜ்பர்ன், சிடிபர்னர்எக்ஸ்பி போன்ற பதிவு மென்பொருள்கள் பல வீட்டுக் கணினிகளில் உள்ளன. அவை திறக்காமைக்குக் காரணங்கள் சிலவே. தீங்கு நேர வாய்ப்பில்லாத சோதனையில் தொடங்கிப் படிப்படியாகச் செல்லவேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் அடுத்த படிகள் வேண்டா.

1. தகட்டை வெளியே எடுங்கள். பதிவு மென்பொருள் தொடங்கும்போதே தகடு இயக்கியை ஆராயும். உள்ளே கீறல் விழுந்த தகடு இருந்தால், அதைப் படிக்க முயன்று மென்பொருள் அப்படியே நின்றுவிடக்கூடும். ஸ்கேன் தகட்டை உள்ளே வைத்துக்கொண்டே மென்பொருளைத் திறக்க முனைவது பலரின் வழக்கம். இயக்கி காலியாக இருக்கும்போது திறந்தால், கோளாறு மென்பொருளில் இல்லை, தகட்டில் உள்ளது என்று அறியலாம்.

2. கணினியை மறுபடி தொடங்குங்கள். 'ஷட் டவுன்' கொடுப்பதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பது நல்லது. இன்றைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில், அணைத்து ஏற்றினாலும் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும்.

3. மென்பொருள் மறைவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐகானைப் பலமுறை சொடுக்கியும் ஒன்றும் நிகழாவிட்டால், முதற்சொடுக்கிலேயே அது தொடங்கித் திரைக்கு வராமல் நின்றிருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் அம்மென்பொருளின் பெயர் இருந்தால், அதைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்துவிட்டு மீண்டும் திறக்கலாம்.

4. தகடு இயக்கி கணினிக்குத் தெரிகிறதா? 'திஸ் பிசி' சாளரத்தில் டி.வி.டி. இயக்கியின் படம் இருக்கவேண்டும். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளிணைந்த இயக்கி இல்லை, யு.எஸ்.பி. வழியே வெளி இயக்கி இணைக்கப்படுகிறது. அதைப் பல முனைகள் கொண்ட ஹப்பில் செருகினால் மின்சாரம் போதாமல் போகலாம். கணினியிலுள்ள யு.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகுங்கள். கேபிளில் இரண்டு முனைகள் இருந்தால் இரண்டையும் செருகவேண்டும்.

5. நிர்வாகி உரிமையுடன் திறந்து பாருங்கள். ஐகானின் மேல் ரைட்-கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தகடு இயக்கியை நேரடியாக ஆளும் பழைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு இவ்வுரிமை தேவை.

6. மென்பொருளின் வயதைக் கருதுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து மென்பொருள் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் திறக்க மறுக்கலாம். ஐகானில் ரைட்-கிளிக், பின் 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'கம்பாட்டிபிலிட்டி' என்னும் பகுதிக்குச் சென்று, பழைய விண்டோஸ் ஒன்றின் பெயரைத் தேர்ந்து பார்க்கலாம். தகடு இயக்கியோடு இலவசமாகக் கிடைத்த பதிப்புகள் சில, அந்த இயக்கி இணைந்திருந்தால் மட்டுமே இயங்கும். இயக்கியை மாற்றியவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

7. திரையில் வரும் செய்தியைப் படியுங்கள். 'டாட்நெட்' அல்லது 'விசுவல் சி பிளஸ் பிளஸ்' என்னும் சொற்கள் செய்தியில் இருந்தால், மென்பொருளுக்குத் துணையான ஒரு பகுதி கணினியில் இல்லை என்பது பொருள். இவற்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து இலவசமாகப் பெறலாம். செய்தி புரியாவிட்டால் அதைப் படமெடுத்து, கணினி அறிந்தவரிடம் காட்டுங்கள். 'ஏதோ வந்தது, மூடிவிட்டேன்' என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு பயன்தரும்.

8. வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைத் தடுத்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் பதிவு மென்பொருளின் பெயர் இருந்தால், அது எங்கிருந்து நிறுவப்பட்டது என்று முதலில் கேளுங்கள். தடுப்பை ஒரேயடியாக அணைத்துவிடுவது தீர்வாகாது.

9. நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று பதிவு மென்பொருள்கள் இருந்தால் அவை ஒன்றோடொன்று மோதக்கூடும். வேண்டாதவற்றை முறைப்படி நீக்கி, ஒன்றை மட்டும் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள்.

இவ்வளவு செய்தும் பயனில்லையெனில் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பகுதியில் சில வரிகளை நீக்கினால் சரியாகும் என்று யாரேனும் கூறினால், அதை நீங்களே செய்யவேண்டா. தவறான வரியை நீக்கினால் கணினியே தொடங்காமற் போகக்கூடும்.

அம்மென்பொருள் இல்லாமலே நகலெடுக்கலாம்

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலாகவே, தகடு எழுதும் வசதி விண்டோஸிலேயே உள்ளது. ஸ்கேன் தகட்டை நகலெடுக்க அதுவே போதும்.

முதலில் ஸ்கேன் தகட்டைச் செருகி, 'திஸ் பிசி'யில் அதைத் திறங்கள். கன்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, டெஸ்க்டாப்பில் புதிதாக உருவாக்கிய கோப்புறை ஒன்றில் நகலெடுங்கள். நோயாளியின் பெயரும் ஸ்கேன் எடுத்த தேதியும் அக்கோப்புறையின் பெயராக இருக்கட்டும். பின்னர், தகட்டின் அளவும் கோப்புறையின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று 'பிராப்பர்ட்டீஸ்' மூலம் சரிபாருங்கள். நகலெடுக்கும்போது இடையில் பிழைச் செய்தி வந்தால், தகட்டில் கீறலோ அழுக்கோ உள்ளது. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்து மீண்டும் முயலுங்கள். வட்டமாகத் துடைக்கக்கூடாது.

அடுத்து வெற்றுத் தகட்டைச் செருகுங்கள். எப்படி எழுதவேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். இரண்டு வழிகள் காட்டப்படும்: ஒன்று பென் டிரைவ் போலப் பயன்படுத்தும் வழி; மற்றொன்று சி.டி., டி.வி.டி. பிளேயருக்கான வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வழியில் எழுதிய தகட்டைச் சில மருத்துவமனைக் கணினிகள் படிக்கமாட்டா. பின்னர் நீங்கள் உருவாக்கிய கோப்புறையைத் திறந்து, அதனுள் இருப்பவற்றை மட்டும் தகட்டின் சாளரத்தில் இட்டு எழுதச் சொல்லுங்கள். கோப்புறையையே இட்டால் டைக்காம்டிர் ஒரு படி உள்ளே போய்விடும். சில கணினிகளால் அதைக் கண்டறிய இயலாது. வேகத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் குறைந்த வேகத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று.

தகடு எழுதும் கருவியே இல்லாதவர்கள், டெஸ்க்டாப்பிலுள்ள கோப்புறையின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைக்கலாம். ஆனால் சில மருத்துவமனைகள் வைரஸ் அச்சத்தால் வெளியார் பென் டிரைவைத் தம் கணினியில் செருக அனுமதிப்பதில்லை. எனவே மூலத் தகட்டையும் உடன் கொண்டுவரவேண்டும்.

நகல் சரியாக அமைந்ததா?

எழுதி முடித்ததும் நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். தகட்டிலுள்ள படக்காட்டி தொடங்காவிட்டால் அஞ்சவேண்டா. அது பழைய பதிப்பாக இருக்கலாம், அல்லது விண்டோஸ் அதைத் தடுத்திருக்கலாம். மைக்ரோடைக்காம், வீசிஸ் போன்ற படக்காட்டிகளை வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசமாகப் பெறலாம். அவற்றில் ஒன்றைக் கொண்டு திறந்து, நோயாளியின் பெயர், தேதி, படங்களின் எண்ணிக்கை ஆகியவை மூலத்தோடு ஒத்திருப்பதைக் காணுங்கள். படத்தைப் பார்த்து நோயைத் தாங்களே கணிக்கும் முயற்சி மட்டும் வேண்டா. இயல்பான இரத்தக் குழாயின் குறுக்குவெட்டும் பயிற்சியில்லாத கண்ணுக்குக் கட்டியைப் போலவே தோன்றும்; அதனால் இரவுத் தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

பாதுகாப்பும் எச்சரிக்கையும்

கட்டணமில்லாமல் கிடைக்கிறது என்று 'கிராக்' செய்த பதிவு மென்பொருளை நிறுவாதீர்கள். அதனுள் ஒளிந்துவரும் தீய நிரல், ஸ்கேன் படங்களோடு வீட்டிலுள்ள எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கக்கூடும்.

தகட்டில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி அல்லது வயது, பரிசோதனை விவரம் ஆகியவை உள்ளன. கணினி மையத்தில் நகலெடுத்தால், அங்குள்ள கணினியிலிருந்து அக்கோப்புறையை நீக்கிவிட்டு, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்தபின் வெளியேறுங்கள். மூலத் தகட்டை அங்கேயே மறந்துவிட்டு வருவதும் நடப்பதுண்டு.

எழுதத்தக்க குறுந்தகட்டில் படங்கள் ஒரு மெல்லிய சாயப் படலத்தில் பதிகின்றன. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தைக் கெடுக்கும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், நிறுத்திவைத்த காரின் முன்கண்ணாடி அருகிலோ, இருசக்கர வண்டியின் பெட்டியிலோ தகட்டை வைக்கக்கூடாது. குறுந்தகட்டின் எழுத்துப் பக்கம் தடித்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் படங்களைத் தாங்கும் படலம் அந்தப் பக்கத்தின் மெல்லிய பூச்சுக்குக் கீழேயே உள்ளது. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவதும் ஒட்டுத்தாள் ஒட்டிப் பின் பிய்ப்பதும் படங்களை அழிக்கவல்லவை. பெயரையும் தேதியையும் உறையின் மேல் எழுதினால் போதும்.

தகடு முற்றிலும் கெட்டுவிட்டால்

அப்போதும் உடனே மறு ஸ்கேன் எடுக்க முந்தவேண்டா. ஸ்கேன் எடுத்த நிலையத்தைப் பதிவு எண்ணுடன் அணுகினால், படங்கள் அவர்களது கணினியில் இருக்கும்வரை புதிய தகடு பெறலாம். எவ்வளவு காலம் அவர்கள் வைத்திருப்பார்கள் என்பதை ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே கேட்டு அறிக்கையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறை விதிகள் துணைநிற்கின்றன. உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் காக்கவேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. எனவே கேட்பதற்குத் தயங்கவேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நகலெடுக்கும் பணி நோயாளி நலமாக இருக்கும் நாளில் செய்யத்தக்கது. மூச்சுத்திணறல், சளியில் இரத்தம், நெஞ்சுவலி, தீக்காயம் ஆகியவை நேர்ந்தால் கணினி முன் ஒரு நிமிடமும் செலவிடக்கூடாது. மூலத் தகடு கைக்கெட்டினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அதைத் தேடாமல் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். சாத்தூரிலிருந்து விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும்போது, தகட்டை யார் கையில் வைத்திருப்பது என்பதைக் குடும்பத்தில் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது அறிக்கை, பிலிம், மூலத் தகடு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் வைத்துக் கொண்டுவாருங்கள். நகல் வீட்டிலேயே இருக்கட்டும். மூலத்தை மருத்துவமனையில் கொடுத்தால், திரும்பிச் செல்லுமுன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.